ஆச்சுப்பா என்ற முகவரி

அக்கா வீட்டை விட்டுப் போய்ச் சில வருஷங்கள் கழித்து எனக்கு அந்த மின்னஞ்சல் வந்தது. இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள். காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. கல்லூரி விட்டதும் அங்கேதான் கிடப்பேன். “தம்பி, நான் அக்கா. அப்பா என்னிடம் பேசுவாரா?” என்று தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தது. எங்கேயும் பெயர் இல்லை. முகவரியில்கூட ‘ஆச்சுப்பா’ என்று ஒரு சொல், பின்னால் ஏதோ எண்கள்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. அக்கா தனக்குப் பிடித்தவரோடு போனதில், வெறும் வாயை மென்றுகொண்டிருந்த எங்கள் தெருவுக்கு அவல் கிடைத்திருந்தது. சொந்தக்காரர்கள் யாரோ ஆழம் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாய், முழங்காலில் தழும்பு எப்படி வந்தது என்று கேட்டு எழுதினேன். எல்லாவற்றுக்கும் சரியான பதில் வந்தது. அதையெல்லாம் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள் என்பது பிறகுதான் உறைத்தது.

அப்பாவிடம் சொல்லப் பயம். அக்கா போன நாளிலிருந்து அவர் அவள் பேச்சையே எடுத்ததில்லை. கோர்வைச் சேலை நெய்வதையும் விட்டுவிட்டார். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறமாகக் கோத்து நெய்கிற சேலை அது. தறியில் அப்பா உட்கார்ந்தால், பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஒரு கரைக்கு, நூல் சுற்றிய நாடாவைத் தள்ள வேண்டும். அந்த இடம் அக்காவுடையது. வேறு ஆள் வைத்துக்கொள்ளும்படி அம்மா எவ்வளவோ கெஞ்சினாள். கல்லுளிமங்கன், இணங்கவே இல்லை.

ஒரு மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவ எழுந்தவரிடம் மெதுவாகச் சொன்னேன். பெயர் போட்டிருக்கிறதா என்று மட்டும் கேட்டார். பெயர் இல்லை, முகவரியில் ‘ஆச்சுப்பா’ என்றுதான் இருக்கிறது, யாரோ கிண்டல் செய்கிறார்கள் என்றேன். அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். ஈரக் கையோடு அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

“அவதாண்டா. ஒவ்வொரு வாட்டியும் நாடாவைத் தள்ளிட்டு அப்படித்தான் சொல்லுவா. அவ சொன்னாத்தான் நான் அடுத்த இழை போடுவேன்.”

அதே வீட்டில் வளர்ந்தவன் நான். தறிச் சத்தத்தோடு சத்தமாக அது என் காதில் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. ஒரு நாளும் எனக்கு அது பேச்சாகப் பட்டதில்லை. அப்பா அழுதார். எனக்கும் அடக்க முடியவில்லை.

சட்டையை மாட்டிக்கொண்டு அவரே என்னோடு கிளம்பி வந்தார். பிரவுசிங் சென்டர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, என் பக்கத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். அம்மாவுக்கு முட்டி வலி, உன் தம்பி ஒழுங்காகப் படிப்பதில்லை, கருட சேவை வருகிறது, அதற்கு முன்னால் வந்துவிடு. அவ்வளவுதான் சொன்னார்.

அக்கா தனியாக வருவாளா என்று எனக்குச் சந்தேகம். அப்பாவிடம் கேட்காமலே, ‘அவரையும் கூட்டிக்கொண்டு வா’ என்று ஒரு வரியைச் சேர்த்தேன். அப்பாவுக்கு ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படிக்கத் தெரியும். திரையில் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக்கொண்டே வந்தவர் அந்த வரியில் நின்றார். என் கை விசைப்பலகையிலிருந்து தானாக இறங்கிவிட்டது.

“இன்னாடா அவரு இவருன்னு எழுதிகினு. மாப்பிள்ளைன்னு போடு.”