ஜானவாச வண்டியும் சோழவரத்துப் பந்தயமும்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். அதற்குப் பிறகு கற்றுக்கொண்டது கார் ஓட்டுவதும் கவலைப்படுவதும்தான். இரண்டாவதற்கு வாத்தியார் தேவைப்படவில்லை.

பொன்மலை ரயில்வேயில் இருந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன கார், கை மாறி என்னிடம் வந்து சேர்ந்தது. யுத்தத்துக்கு முந்தைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார். மேலே திறந்தது, மூக்கு நீளம். வேகத்துக்கென்று செய்த வண்டி என்னிடம் நடை பழகியது. ஸ்ரீரங்கத்தில் கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் மாப்பிள்ளையைத் திறந்த காரில் ஏற்றி ஊர்வலம் விடுவார்கள். ஜானவாசம். பின் சீட்டின் முதுகில் மாப்பிள்ளை, சுற்றிலும் குழந்தைகள், முன்னால் நாகஸ்வரம். நான் கிளட்சை மிதித்தபடியே உத்திர வீதியில் ஊர்ந்துகொண்டிருப்பேன். அந்த நடையில் காற்று படாமல் ரேடியேட்டர் கொதிக்கும். அதனால் நாகஸ்வரக்காரர் தெருமுனையில் நின்று வாசிக்க ஆரம்பித்ததும் என்ஜினை அணைத்துவிடுவேன். அவர் நகர்ந்தால் நாலு பேர் தள்ளுவார்கள். கல்யாணக் கூட்டத்தில் தள்ளுவதற்கு ஆளா இல்லை?

இந்த வண்டியைப் பந்தயத்தில் ஓட்டலாம் என்று கிளப்பிவிட்டவன் என் மனைவியின் தம்பி. பொன்மலைப் பட்டறையில் ஃபிட்டர். மெட்ராஸுக்கு வடக்கே சோழவரத்தில், யுத்த காலத்து விமான ஓடுதளத்தில் கார்ப் பந்தயம் நடக்கிறதாம். பழைய கார்களுக்குத் தனிப் பந்தயம் உண்டாம். நம்மைப் போன்றவர்களும் பேர் கொடுக்கலாமாம்.

“சிங்கத்தைப் பிடிச்சு செக்குல கட்டி வச்சிருக்கீங்க மாமா.”

“அந்தச் செக்கு எண்ணெயிலதான்டா உங்க அக்கா தோசை சுடுறா.”

ஆனாலும் பேர் கொடுத்தாகிவிட்டது. விடியற்காலையில் ஜீயபுரம் ரோட்டில் பழகினோம். காந்தி மார்க்கெட்டுக்கு வாழைத்தார் ஏற்றி வரும் ஒவ்வொரு மாட்டுவண்டிக்கும் நான் வேகத்தைக் குறைத்தேன். பின்னால் லாரி ஹாரன் அடித்தால் இடது பக்கம் ஒதுங்கி, கையை நீட்டிப் போகச் சொன்னேன். “மாட்டுக்கெல்லாம் மரியாதை குடுத்தா பந்தயம் விட முடியாது மாமா” என்று அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. அடுத்த செவ்வாய் சாயங்காலம் சித்திரை வீதியில் ஒரு ஜானவாசம். அதை ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தேன். பெண்ணின் தகப்பனாரிடம் போய்ச் சொன்னேன்.

“பந்தயத்துக்கோ கிந்தயத்துக்கோ போம். செவ்வாக்கிழமை வண்டி வாசல்ல நிக்கலேன்னா, சம்பந்தியாத்துக்காரா முன்னாடி நான் தலைகுனிஞ்சு நிக்கணும். பொண்ணைப் பெத்தவன்ங்காணும் நான்.”

அன்றே எனக்குத் தூக்கம் போயிற்று. கிளம்பும்போது மனைவி, “வண்டி முழுசா வரணும். நீங்களும்தான்” என்றாள். அவள் சொன்ன வரிசை கொஞ்சம் உறைத்தது.

ஞாயிறு மத்தியானம். கார்கள் வரிசையாக நின்றன. தரை கொதித்தது. கொடி பிடித்தவரும் இன்னொருவரும் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார்கள். கொடி விழுவதாகக் காணோம். சூடு காட்டும் முள் ஏறிக்கொண்டே போயிற்று. எனக்குக் கண் முன்னால் சித்திரை வீதி வந்தது. கை தானாகப் போய் என்ஜினை அணைத்தது.

கொடி விழுந்தது.

இரண்டு பக்கமும் கார்கள் சீறிக்கொண்டு போயின. என் வண்டியில் சூடேறிவிட்டால் செல்ஃப் எடுக்காது. பழக்கதோஷத்தில் திரும்பி, “தள்ளுங்கப்பா!” என்று கத்தினேன். மச்சினன் கயிற்றைத் தாண்டிக் குதித்து ஓடி வந்தான். வெள்ளைத் தொப்பிக்காரர் ஒருவர் அவனை மறித்து, யாரும் வண்டியைத் தொடக்கூடாது என்றார். கூட்டத்தில் ஒரு குரல்: “அண்ணே, பஸ் போயிடுச்சு. அடுத்த பஸ்ல வாங்க!”

இறங்கி, ஹாண்டிலைச் செருகி நானே சுற்றினேன். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. ஒருவழியாக என்ஜின் பிடித்து நான் கிளம்பியபோது, முன்னால் போனவர்கள் ஒரு சுற்று முடித்து என் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டார்கள். ஒதுங்கி, கையை நீட்டி எல்லோரையும் போகச் சொன்னேன்.

பிறகு ஓடுதளம் காலியாக இருந்தது. கிழிந்து தோரணமாய்த் தொங்க இனி மானம் ஒன்றும் பாக்கியில்லை என்று ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன். வண்டி குரலே மாறிப் பாய்ந்தது. முகத்தில் அறைந்த காற்றில் கண் திறக்க முடியவில்லை. பயந்துகொண்டே முள்ளைப் பார்த்தேன். இறங்கிக்கொண்டிருந்தது. வேகம்தான் அதற்கு மருந்து. நான்தான் இத்தனை வருஷமாக அதைக் கொதிக்க வைத்திருக்கிறேன்.

தெரிந்தும் அழுத்திய காலை எடுத்தேன். என்ஜினில் கோளாறான சத்தம் ஒன்றும் இல்லை. சத்தம் வந்துவிடுமோ என்றுதான். மெதுவாகச் சுற்றி முடித்தேன். கடைசி.

விழுப்புரம் தாண்டும்போது மச்சினன் கேட்டான்:

“ஏன் மாமா அணைச்சீங்க?”

“கொதிச்சிடும்னு.”

“கொதிச்சா என்ன?”

“செவ்வாக்கிழமை.”

அவன் ஜன்னலில்லாத அந்த வண்டியில் வெளிப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். உளுந்தூர்ப்பேட்டை தாண்டி ரேடியேட்டர் குழாய் வெடித்தது. ஓட்டிய ஓட்டத்தில் அல்ல; அதற்கு வயசாகிவிட்டது. சைக்கிள் ட்யூபை அறுத்துச் சுற்றி, நின்று நின்று தண்ணீர் ஊற்றி, மறுபடி வெடித்து, மறுபடி சுற்றி, செவ்வாய்க்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கொள்ளிடம் பாலம் தாண்டினோம். வண்டியைக் கழுவக்கூட நேரமில்லை. நேரே கல்யாண வீட்டு வாசல்.

பெண்ணின் தகப்பனார் இறங்கி வந்தார். புழுதியைப் பார்த்தார். கதவில் சுண்ணாம்பால் எழுதியிருந்ததைப் பார்த்தார்.

“இதென்ன?”

“பந்தய நம்பர் சாமி.”

“ஜெயிச்சீரோ?”

“கடைசி.”

“வண்டி வந்துடுத்தோன்னோ. போறும்.”

அவர் கண் கலங்கியிருந்தது. நம்பருக்கு மேல் பூச்சரத்தைத் தொங்கவிட்டார்கள். மாப்பிள்ளை ஏறினார். ஊர்வலம் நகர்ந்தது.

எனக்குக் கண் எரிந்தது. வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. மச்சினன் கதவைப் பிடித்தபடி கூடவே நடந்தான். கொஞ்ச தூரம் போனதும் குனிந்து காதருகில் சொன்னான்:

“அடுத்த வருஷம் அந்த வாரம் யாருக்கும் வாக்குக் குடுத்துடாதீங்க மாமா.”

வேண்டாம் என்று சொல்லக்கூடத் தெம்பில்லை. பேசாமல் இருந்தேன். அதை அவன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.