தந்தூரி அடுப்பில் குளிர் காய்ந்த இட்லி மாவு

1. ஐஸ் வாங்கப் போனது

டெல்லியில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், டிசம்பர் மாதக் குளிரில், மாவு ஆட்டுவதற்கு ஐஸ் கட்டி வாங்கப் போனேன்.

ஓட்டல் தொழிலில் இருப்பவர்கள் இதைப் படித்ததும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஓட்டலில் பல வருஷம் மாவு மாஸ்டராக இருந்தவன் நான். பெயர் கோமதிநாயகம். நம்ம ஊர் வெயிலுக்கு உளுந்து ஆட்டும்போது கிரைண்டர் கல் சூடேறிவிடும். கல்லோடு சேர்ந்து மாவும் சூடேறும். காலையில் ஆட்டிய மாவு சாயந்தரத்துக்குள் பொங்கி, மூடியைத் தள்ளிவிட்டுத் தரைக்கு இறங்கும். அதனால் ஐஸ் தண்ணீர் விட்டு ஆட்டுவோம். ஆட்டியதும் உப்பைப் போட்டுவிடுவோம்; உப்பு முன்னாலேயே விழுந்தால் மாவு கொஞ்சம் அடங்கிப் புளிக்கும். மாவு மாஸ்டர் என்றால் மாவை அடக்கத் தெரிந்தவன் என்றுதான் நினைத்திருந்தேன். மாவைக் கெஞ்ச வேண்டிய ஊரும் உலகத்தில் இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

என்னை டெல்லிக்குக் கூப்பிட்டவர் மைதீன் பாய். கடையநல்லூர்க்காரர். டெல்லியில் தமிழ் ஆட்கள் நிறைய இருக்கிற ஏரியாவில் டிபன் கடை வைத்திருந்தார். அந்த ஏரியாவில் ஒரு தமிழ்ச் சபை உண்டு. கிறிஸ்துமஸ் அன்று காலை ஆராதனை முடிந்ததும் சபைக்கே இட்லி சாப்பாடு போடுவார்கள். அந்தப் பொறுப்பு ஜெபமணி டீச்சருடையது. பாளையங்கோட்டைக்காரர், ரிட்டயர் ஆன பிறகும் பிரம்பை மட்டும் கீழே போடாதவர். நான் வருவதற்கு முந்தின வருஷம் பாய் கடை மாவு பொங்காமல் போய், சபையார் பிரெட்டும் ஜாமும் சாப்பிட்டிருக்கிறார்கள். "ஆண்டவர் பொறந்த அன்னைக்கு சபைக்கு பிரெட்டும் ஜாமுமா பாய்?" என்று டீச்சர் கேட்ட கேள்விக்கு, பாய் ஒரு வருஷமாகப் பதில் தேடிக்கொண்டிருந்தார். அந்தப் பதில்தான் நான்.

ஊரில் எனக்கு நடந்த வழியனுப்பு விழாவையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் தெருவில் ஃப்ளெக்ஸ் பேனர் வைத்துவிட்டார்கள். இந்தியா கேட்டுக்கு முன்னால் நான் கூலிங் கிளாஸ் போட்டு நிற்கிறேன். கீழே, "தலைநகரைப் பொங்க வைக்கும் மாவு மன்னரே, வருக வருக!" ஊரை விட்டுப் போகிறவனுக்கு எதற்கு வருக என்று கேட்டேன். "பழைய டிசைன் அண்ணாச்சி, போட்டோவையும் பேரையும் மட்டும் மாத்துனோம்" என்றார்கள்.

மாவு மன்னர் டெல்லியில் இறங்கியபோது வேட்டிக்குள் பேண்ட், சட்டைக்கு மேல் சட்டை, அதற்கு மேல் துண்டு, தலையில் மங்கி குல்லா. ரயிலை விட்டு இறங்கினால் எதிரில் நிற்கிற ஆள் தெரியாத அளவுக்குப் பனி. வாயைத் திறந்தால் புகை வருகிறது. பாய் காய்கறி மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். அவர் வருவதற்குள் வேலையைக் காட்டிவிடலாம் என்று உளுந்தை ஊறப்போட்டேன். எனக்குத் தெரிந்த இந்தி மொத்தமே தண்ணீர், உப்பு, ஐஸ் இந்த மூன்றுக்கும்தான். ஐஸுக்கு 'பரஃப்'. கொஞ்ச தூரத்தில் ஒரு மீன் கடையில் ஐஸ் பார் அடுக்கியிருந்தது. கடைக்காரர் நெருப்பு மூட்டிக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்.

"பரஃப்" என்றேன். எவ்வளவு என்று கையால் கேட்டார். நல்ல பெரிய பார் வேண்டும் என்பதற்காக என் உயரத்தைக் காட்டினேன். குளிரில் என் கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அந்த மனிதர் மெதுவாக எழுந்தார். தலைக் குல்லாயைக் கழற்றினார். என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ தணிந்த குரலில் சொன்னார். பிறகு அவரே ஐஸை எடுத்து வண்டியில் ஏற்றி, கடை வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்து இறக்கினார். காசு கொடுத்தால் வாங்க மாட்டேன் என்று தலையை ஆட்டினார். டெல்லி ஜனங்களைப் பற்றி ஊரில் சொன்னதெல்லாம் பொய், தங்கமான ஆட்கள் என்று நினைத்தேன்.

பாய் வரும்போது ஆட்டி முடித்திருந்தேன். ஐஸ் தண்ணீர் விட்டு, உப்பும் போட்டு, மாவு கையை வைத்தால் விறைக்கிற பதத்தில் இருந்தது. மீந்து கிடந்த ஐஸைப் பார்த்துவிட்டு, விஷயத்தைக் கேட்டு, பாய் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏன் வே, இந்தக் குளிர்ல ஆள் ஒசரத்துக்கு ஐஸ் வாங்குதவன் எதுக்கு வாங்குவான்? வீட்ல யாரோ தவறிட்டாவன்னுல்லா அந்த மனுசன் நெனச்சிருக்கான்!"

மறுநாள் காலையில் பாய்க்குச் சிரிப்பு போய்விட்டது. மாவு முந்தின நாள் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் இருந்தது. ஒரு குமிழி இல்லை. அதை வைத்து ஊற்றிய இட்லியைக் கையில் எடுத்துப் பார்த்த ஒரு கஸ்டமர், "மாஸ்டர், இதச் சில்லா வச்சு பாண்டி வெளையாடலாம்" என்றார். பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கேட்டுக்கிடும் வே. கிறிஸ்துமஸ் அன்னைக்கு மாவு பொங்கல்லன்னா அன்னைக்கே உம்ம ரயிலேத்தி விட்டுருவேன். பனியில ரயிலு லேட்டுன்னா ஸ்டேஷன்லயே உக்காந்துக்கிடும். டீச்சர் மூஞ்சில முழிக்க எனக்குத் தெம்பில்ல."

திரும்பிப் போவது பெரிசில்லை. தெருவில் அந்த ஃப்ளெக்ஸ் இருக்கிறதே! நான் கூலிங் கிளாஸோடு நிற்கிற பேனருக்குக் கீழே நானே பெட்டியோடு நடந்து வந்தால், "வருக வருக" என்பதற்கு அன்றைக்குத்தான் அர்த்தம் கிடைக்கும்.

2. மாவுக்கு ஸ்வெட்டர்

கிறிஸ்துமஸ் வரைக்கும் நான் செய்யாத கூத்து இல்லை. மாவு வாளியை பாத்ரூமில் வைத்து, வெந்நீரைத் திறந்துவிட்டு, ஆவியோடு கதவைச் சாத்தினேன். அந்தக் குளிரில் யாரும் குளிக்கப் போகவில்லை என்பதால் சாயந்தரம் வரை யாருக்கும் தெரியவில்லை. மாவு கொஞ்சம் அசைந்தது. பாத்ரூம் ஆறியதும் திரும்பப் படுத்துக்கொண்டது.

ஊர் முழுக்கப் பண்டிகைக் கோலம். கடைக்குக் கடை நட்சத்திரம், சீரியல் பல்பு, பள்ளிக்கூடம் எல்லாம் லீவு. ஒரு பெரிய கடை வாசலில் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டு ஒருவர் மணி அடித்துக்கொண்டிருந்தார். மிட்டாய் கொடுத்தார். எனக்கு மிட்டாய் மேல் நாட்டம் இல்லை. தாடி முதல் பூட்ஸ் வரை அந்த ஊர்க் குளிருக்குச் சரியாக உடுத்தியிருந்தது அவர் ஒருவர்தான். அந்தக் கோட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டேன்.

அன்று என் மனைவி ராசாத்தி வீடியோ காலில் வந்தாள்.

"சொட்டர் போட்டிருக்கியளா?"

"போட்டிருக்கேன்."

"ஒங்க மாவுக்கு?"

கேலிக்குத்தான் கேட்டாள். கேட்டுவிட்டு அவள் சிரித்தாள், நான் சிரிக்கவில்லை. போனை வைத்துவிட்டு, ரூமில் இருந்த ரஜாய் எல்லாவற்றையும் அள்ளினேன். ரஜாய் என்றால் பஞ்சு அடைத்த தடிப்போர்வை. அது இல்லாமல் அங்கே ஒருவராலும் படுக்க முடியாது. மாவு அண்டாவைச் சுற்றி ரஜாயைக் கட்டி, பக்கத்தில் பாயுடைய ரூம் ஹீட்டரை வைத்து, அது சூடேறுவதற்குள் அடுத்த மாவை ஆட்டிவிடலாம் என்று கிரைண்டரையும் போட்டேன். பட்டென்று ஒரு சத்தம். எங்கள் கடையில் கரண்டு போனது. பக்கத்துக் கடையிலும் போனது.

பக்கத்துக் கடை குர்மீத் பாஜியுடையது; பாஜி என்றால் பஞ்சாபியில் அண்ணாச்சி. ஆறடிக்கு மேல் ஆள். தந்தூரி ரொட்டிக் கடை. சண்டைக்குத்தான் வந்தார். ரஜாய் போர்த்திய அண்டாவைப் பார்த்ததும் சண்டையை மறந்து, உள்ளே யார் என்று கேட்டார். மாவு என்று பாய் சொன்னார். பாஜி தலையில் கைவைத்துக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னார்.

"என்ன சொல்லுதாரு பாய்?"

"ரஜாய் சூடு குடுக்காதாம்வே. உள்ள இருக்க சூட்டத்தான் வெளிய விடாதாம். ஐஸ் போட்டு ஆட்டுன மாவுக்கு ரஜாயப் போத்துனா ஐஸ்தான் பத்திரமா இருக்கும்ங்கான்."

ஐஸ் விஷயம் தெரு முழுக்கப் பரவியிருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆனால் பாஜி நல்ல மனிதர். என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தன் தந்தூரி அடுப்பைக் காட்டினார். செங்கல் மேடைக்குள் அடுப்பு பதிந்திருந்தது. மேடை மேல் கை வைத்துப் பார்த்தேன். அடடா! சங்கரன்கோவிலில் மத்தியான வெயிலில் மொட்டை மாடித் தளத்தைத் தொட்டால் எப்படியோ அப்படி. அந்தச் சூட்டில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு ஆட்டினேன். உப்புப் போடவில்லை. அண்டாக்களை மேடை மேல் வட்டமாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் ரஜாய் போர்த்தி, மூடி இடுக்கு வழியாகக் காற்றுப் போகாமல் இருக்க, ஆளாளுக்கு வைத்திருந்த மங்கி குல்லாயை வாங்கி மூடிக்கு மேல் மாட்டினேன்.

சாயந்தரம் ரொட்டி வாங்க வந்தவர்களுக்கு, அடுப்பைச் சுற்றி வயசானவர்கள் கூட்டமாக உட்கார்ந்து குளிர் காய்வதுபோல் தெரிந்தது. ஒருவர் மரியாதையாகக் கும்பிட்டுவிட்டுப் போனார். ஒரு அம்மா குனிந்து அண்டாவின் காலைத் தொட்டுக் கும்பிடப் போய், கால் எங்கே என்று தேடினார். பண்டிகைக் கொண்டாட்டத்தில் கொஞ்சம் போட்டுவிட்டு வந்த ஒரு ஆள், ஓர் அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தன் மாமியாரைப் பற்றி வெகுநேரம் குறை சொன்னார். எதிர்ப்பேச்சு வராததால் அவருக்கு நல்ல ஆறுதல் கிடைத்திருக்க வேண்டும். போகும்போது குல்லாயைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார்.

3. கிறிஸ்துமஸ் காலை

எங்கள் கடையில் குழம்பு, சட்னி எல்லாம் வைக்கிற சரக்கு மாஸ்டர் லீவு போட்டுப் புளியங்குடிக்குப் போயிருந்தார். நானோ மாவை விட்டு அசைய மாட்டேன் என்று பாஜி கடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அதனால் பாய் தானே சாம்பார் வைக்கப் போவதாகச் சொன்னார்.

"ஒங்களுக்கு சாம்பார் வைக்கத் தெரியுமா பாய்?"

"எங்க வீட்ல மீன் ஆணம் நான்தான்வே வைப்பேன். அதுல மீனுக்குப் பதிலா பருப்பு. அம்புட்டுத்தான? நீரு மாவப் பாரும்."

ஆணம் என்றால் பாய் வீட்டுப் பேச்சில் குழம்பு. அந்த நிமிஷம் நான் எச்சரிக்கையாகியிருக்க வேண்டும். மாவு நினைப்பில் விட்டுவிட்டேன்.

காலையில் பாஜி கத்தினார். உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டிருந்த நான் பதறி எழுந்து பார்த்தேன். ஓர் அண்டாவின் மங்கி குல்லா எழும்பி நின்றது. அடுத்ததும் எழும்பி நின்றது. ரஜாயை விலக்கினால் மாவு மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பொங்கி நிற்கிறது. பாஜி என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார். நான் உப்புப் போட்டுக் கலக்கி, முதல் ஈடு ஊற்றி எடுத்தேன். தட்டிலிருந்து துணியை உரித்ததும் இட்லி குலுங்கியது. ஊரை விட்டு வந்தபிறகு எனக்கு அவ்வளவு சந்தோஷம் அன்றைக்குத்தான்.

சபை ஹாலில் ஆராதனை முடிந்து பந்தி போட்டார்கள். பாய் சாம்பார் வாளி, நான் இட்லிக் கூடை. ஜெபமணி டீச்சர் முதல் இட்லியைப் பிட்டார். மோந்து பார்த்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன் தம்பி, இட்லியில ரொட்டி சுட்ட வாசம் வருது?"

டீச்சர் வாயில் போட்டார். இன்னொன்று பிட்டார். இன்னொன்று வைக்கச் சொன்னார்.

"வாசம் கெடக்கட்டும். பஞ்சு மாதிரி இருக்கு. நல்லா இருப்ப."

கூடையைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்காரலாம் போலிருந்தது. பாய் முகத்தில் ஒரு வருஷத்துக் கவலை இறங்கியது. அந்த உற்சாகத்தில் அவர் டீச்சருடைய இலையில் சாம்பாரைத் தாராளமாக ஊற்றினார். டீச்சர் தொட்டு ஒரு வாய் சாப்பிட்டார். முகம் சுருங்கியது.

"இது யாரு வச்ச சாம்பாரு? மீனப் போட மறந்த மீன் கொழம்பு மாதிரில்லா இருக்கு! பாய், இத வச்ச ஆள மொதல்ல ஊருக்கு ரயிலேத்தி விடுங்க. இந்தத் தம்பி செஞ்ச இட்லியவும் சேத்துக் கெடுத்துட்டான்."

பாய் கையில் வாளி. கரண்டியிலிருந்து சாம்பார் சொட்டுகிறது. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் முதலாளி இல்லை.

"அந்த ஆளு கெளம்பியாச்சு டீச்சர்," என்றேன். "வச்ச கையோட போயிட்டாரு. இந்நேரம் ரயில்ல இருப்பாரு."

"அப்படியா பாய்?"

"ஆமா டீச்சர்," என்றார் பாய், வாளியைப் பின்னால் மறைத்துக்கொண்டு. "நானேதான் ஏத்தி விட்டேன்."

"நல்ல காரியம் செஞ்சீங்க. சட்னி வைங்க."

அதற்குப் பிறகு நான் அந்தக் கடையில் இருந்த வருஷங்களில் பாய் ரயில் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. ஆகவே வடக்கே வேலைக்குப் போகிற பிள்ளைகளே, போன ஊரின் தட்பவெப்பத்தைப் பார்த்து மாவு ஆட்டுங்கள்; அது தொழில். ஆனால் வேலை நிலைக்க அது மட்டும் போதாது. முக்கியமான நாளில் முதலாளியைச் சாம்பார் வைக்க விடுங்கள்.