லைனை விடாதே என்று சொன்னவன்

"கடவுள் லேட்டா வர்றாருன்னு எந்தக் கடிகாரத்தைப் பாத்துச் சொல்ற?" என்று அண்ணன் கேட்டான். கையிலிருந்த துண்டை நாற்காலியில் வீசிவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். வயது முப்பத்தொன்று. மூன்று வருடங்களுக்கு முன் அவனுடைய இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டுவிட்டன. அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் அவர் கொடுக்க முடியாது. எனக்குப் பதினெட்டு முடிந்ததும் என்னைச் சோதித்தார்கள், பொருந்தவில்லை. இறந்துபோன யாராவது ஒருவருடைய சிறுநீரகம் கிடைக்கும் வரை பட்டியலில் பெயரோடு காத்திருக்க வேண்டியதுதான்.

திங்கள், புதன், வெள்ளி காலைகளில் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். குடிப்பதெல்லாம் உடம்பிலேயே தேங்கிவிடும் என்பதால் ஒரு நாளைக்கு ஒரே ஒரு சின்ன பாட்டில் தண்ணீர். காலை, மதியம், மாலை என்று அவனே பாட்டிலில் கோடு போட்டு வைத்திருந்தான். அவன் எதிரில் குடிக்க மனம் வராமல் நான் குளியலறைக்குள் போய்க் குடிப்பேன். "உள்ள போய்க் குடிச்சா சத்தம் இன்னும் நல்லாக் கேக்குது" என்பான்.

மற்ற நாட்களில் வேலைக்குப் போனான். வீட்டிலேயே உட்கார்ந்தால் மூளையும் பழுதாகிவிடும் என்பது அவன் வாதம். மாலையில் ஒரே ஒரு வரிப் பிரார்த்தனை: "கடவுளே, உன் நேரத்துல குடு, அதுவரைக்கும் என்னைத் தாங்கு." அதைக் கேட்கக் கேட்க எனக்கு எரிச்சல் ஏறும். 'சீக்கிரம்' என்று ஒரு வார்த்தை சேர்த்தால் குறைந்தா போய்விடும்?

நான் பள்ளிப் படிப்பை முடித்திருந்தேன். மதிப்பெண் வந்தது, கல்லூரியில் இடம் வரவில்லை. சும்மாதானே இருக்கிறாய் என்று அண்ணனின் ஃபோனை என் கையில் கொடுத்துவிட்டார்கள். சிறுநீரகம் வந்தால் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவார்கள். அரை மணி நேரத்துக்குள் எடுக்காவிட்டால் பட்டியலில் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். மோட்டார் ஓடும் இடத்துக்குள் அண்ணன் ஃபோன் கொண்டுபோவதில்லை. ஆகவே ஃபோனைச் சுமந்துகொண்டு அவன் போகும் கட்டிடமெல்லாம் நானும் போனேன். "வா, அவசரம்" என்று கூப்பிடுவான். அது எனக்கு அவன் வைத்த பெயர்.

ஒரு முறை அழைப்பு வந்தது. ஓடினோம். பகல் முழுவதும் பெஞ்சில் உட்கார வைத்து, வேறொருவருக்குத்தான் பொருந்துகிறது என்று திருப்பி அனுப்பினார்கள். நம் நேரம் இன்னும் வரவில்லை என்றார் அம்மா. வழி தெரியாமல் எங்கேயாவது சுற்றிக்கொண்டிருக்கிறதா என்று கேட்டேன். அம்மா வீடு வரும்வரை என்னோடு பேசவில்லை.

பிறகு அந்த வியாழக்கிழமை. ஆறு மாடி அலுவலகம் ஒன்றில், மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெண் தனியாக.

இப்படிச் சிக்கியவர்கள் பயத்தில் கதவை இழுத்துத் திறந்து, இடைவெளியில் கால் வைத்து விழுந்துவிடுவார்கள். அதனால் அண்ணனிடம் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே இருப்பவரைத் தன் ஃபோனுக்கு அழைக்கச் சொல்லி, வெளியே வரும்வரை பேச வைப்பான். பேசிக்கொண்டிருப்பவர் கதவில் கை வைக்க மாட்டார் என்பான். அன்று அவன் மேலே மோட்டார் அறைக்குப் போக வேண்டியிருந்ததால் பேசும் வேலை எனக்கு.

"லைனை மட்டும் விட்டுடாத" என்று சொல்லிவிட்டுப் படியேறினான்.

நாற்பது நிமிடம் பேசினேன். அந்தப் பெண் அழுதார். கணக்கில் நான் வாங்கிய மதிப்பெண்ணைச் சொன்னேன். அவர் வாங்கியது அதைவிடக் குறைவாம். கொஞ்சம் சிரித்தார். நடுவில் காதுக்குள் 'பீப்' என்றது. நாங்கள் வந்து சேரும்வரை கட்டிட மேலாளர் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கூப்பிட்டுக் கழுத்தை அறுத்திருந்தார். அவர்தான் என்று விட்டுவிட்டேன். மறுபடியும் பீப். பார்க்கலாம் என்று ஃபோனை எடுக்கப் போனபோது, "கதவை லேசா இழுத்துப் பாக்கட்டுமா?" என்று அந்தப் பெண் கேட்டார். வேண்டாம் வேண்டாம் என்று பேச்சை இழுத்தேன். அதற்குப் பிறகு ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை.

கதவு திறந்தது. அவர் வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் போன பிறகுதான் பார்த்தேன். ஐந்து தவறிய அழைப்புகள். எல்லாம் ஆஸ்பத்திரி. அவர்களிடம் கொடுத்திருந்த இரண்டாவது எண் என்னுடையது. என் ஃபோன் யாரும் இல்லாத வீட்டில் சார்ஜில் கிடந்தது.

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே இறங்கி வந்தான். ஃபோனை நீட்டினேன். கூப்பிட்டுப் பேசினான். "சரிங்க சிஸ்டர்" என்று வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தான்.

"அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாங்களாம்."

'கடவுளின் நேரம்' என்று அப்போது அவன் சொல்லியிருந்தால் ஃபோனை உடைத்திருப்பேன். சொல்லவில்லை. அன்று மாலை பிரார்த்தனையும் இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். நான் அந்தப் பெண்ணைத் திட்டினேன், மேலாளரைத் திட்டினேன், கடவுளை நன்றாகத் திட்டினேன். ஊரில் இத்தனை லிஃப்ட் இருக்க அந்த லிஃப்டை அந்த நேரத்தில்தான் நிறுத்த வேண்டுமா?

மறுநாள் டயாலிசிஸ் நாற்காலி அருகில் நின்று, என்னை ஒரு வார்த்தையாவது திட்டு என்று கேட்டேன்.

"திட்டணும் போலத்தான் இருக்கு. ஆனா லைனை விடாதன்னு சொன்னது நான்தானே."

"அப்ப கடவுளைத் திட்டு."

"நேத்து முழுக்க அதைத்தான் பண்ணேன்." ரத்தம் ஓடும் குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "திட்டி முடிச்சிட்டு மறுபடியும் அவர்கிட்டயேதான் கேக்க வேண்டியிருக்கு. வேற எங்க போறது, சொல்லு."

அந்தப் பக்கம் வந்த நர்ஸிடம், நேற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் எப்படி இருக்கிறார் என்று விசாரித்தான். யாரென்று சொல்லக் கூடாது, நன்றாக இருக்கிறார் என்றார் அவர். அண்ணன் "அப்பாடா" என்றான். நீயெல்லாம் என்ன ஜென்மமோ என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

அன்று மாலை அதே வரியைச் சொன்னான். குரல் உடைந்திருந்தது. முதல் முறையாக நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன், எனக்கும் போக வேறு இடம் இல்லாததால்.

அதன் பிறகு ஏழு மாதங்கள். நடுவில் ஒரு தொற்று வந்து ஒரு வாரம் படுக்கையில் கிடந்தான். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு ஃபோன்களையும் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டே அலைந்தேன். குளிக்கும்போது பிளாஸ்டிக் பையில் போட்டுக் குழாய்க்கு மேல் மாட்டினேன். கடைசியில் என்ன நடந்தது? ஒரு புதன்கிழமை காலை, டயாலிசிஸ் முடிகிற நேரத்தில் அதே நர்ஸ் நடந்தே வந்து, "கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?" என்று அண்ணனிடம் கேட்டார். அறுவை சிகிச்சைக்கு முன் கேட்கிற கேள்வி அது. இரண்டு ஃபோனிலும் சார்ஜ் நிறைந்திருந்தது. ஒன்றுகூட அடிக்கவில்லை. அந்த நேரத்திலும் எனக்குக் கோபம் வந்தது, கோபத்திலேயே அழுதேன்.

சிறுநீரகம் வைத்து இப்போது எட்டு மாதம் ஆகிறது. அண்ணன் நன்றாக இருக்கிறான். கொடுத்தவர் யாரென்று தெரியாது. அன்று அவரை இழந்து அழுதுகொண்டிருந்த அந்த வீட்டுக்காகவும் தினமும் வேண்டிக்கொள்கிறான்.

அந்த வியாழக்கிழமையைக் கடவுள் திட்டமிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். என் ஃபோனை வீட்டில் விட்டுவந்தது நான். அதை அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த ஏழு மாதங்களில் ஒரு நாளையும் நாங்கள் எங்கள் பலத்தில் தாண்டவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

உங்களுக்குத் தெரிந்த யாராவது இப்படிக் காத்துக்கொண்டிருந்தால் இதை அவர்களிடம் சொல்லுங்கள். நம்பிக்கை இருப்பவருக்குக் கோபம் வரக் கூடாது என்று யாரோ சொல்லி அவர்கள் வாயை அடைத்திருந்தால், முதலில் அவர்களிடம் சொல்லுங்கள்.