ஓலைத்தொடுவாய்க்கு நான்கு கிலோமீட்டர், வெறும் வயிற்றில்

அப்பா ஐம்பத்திரண்டு வயதில் கந்தோர் மேசை வேலையை விட்டு ஓய்வு பெற்றார். அதன்பிறகு எட்டு மாதங்கள் உப்புக்குளத்து வீட்டுக் கதிரையிலேயே கழிந்தன. எடை ஒன்பது கிலோ ஏறியது. கிளினிக்கில் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு என்று மாத்திரை கொடுத்தார்கள். "நடவுங்கோ. இரண்டு மாதத்தில குறையாட்டி ஊசிதான்" என்றார் டொக்டர். அப்பாவுக்கு ஊசி என்றால் பயம். ஆகவே நானே ஒரு திட்டம் போட்டேன்: ஞாயிறுதோறும் மன்னார்த் தீவில் ஏதாவதொரு கத்தோலிக்கக் கோயிலுக்கு, கடைசி நான்கு கிலோமீட்டரை நடந்து போய்ப் பூசை காண்பது.

முதல் ஞாயிறு ஓலைத்தொடுவாய். பூசை ஏழு மணிக்கு. மன்னாரிலிருந்து 5.30 பஸ், ஆளுக்கு அறுபது ரூபாய். 5.55க்கு இறங்கினோம். கடற்காற்று எதிரே தள்ளியது. வீதியின் நடுவில் ஐந்து கழுதைகள் நின்றன.

"ஹோர்ன் அடிச்சாலும் விலகாதுகள். எங்கட கந்தோர்ப் பெரியவர் மாதிரி" என்றார் அப்பா. எட்டு மாதத்தில் அவர் சொன்ன முதல் பகிடி அது.

இரண்டரைக் கிலோமீட்டரில் பகிடி நின்றுபோனது. அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. அப்போதுதான் எனக்கு விளங்கியது, சீனி ஒரேயடியாக இறங்கிவிட்டது. சாப்பாட்டோடு போட வேண்டிய மாத்திரையைத் தண்ணீரோடு போட்டுவிட்டு, நற்கருணை வாங்கும்வரை எதையும் வாயில் வைக்காமல் வந்திருக்கிறார். ஐந்து மணிக்கு அவர் மாத்திரை போட்டதை நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

பக்கத்து வளவில் முற்றம் கூட்டிக்கொண்டிருந்த, மெற்றில்டா என்ற அக்கா ஒருவர் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"அண்ணை, இதில இருங்கோ. தங்கச்சி, உள்ள பிளேன்ரீ இருக்கு. மூன்று கரண்டி சீனி போடு!"

வீட்டில் நான் ஒளித்துவைக்கும் சீனியை அன்று நானே கலக்கிக் கொடுத்தேன். அப்பா கோப்பையைத் தள்ளினார்.

"பூசை முடியட்டும் பிள்ளை."

"ஒரு மணித்தியாலம் சாப்பிடாமல் இருந்தால் போதும் அப்பா. வருத்தக்காரருக்கு அதுவும் இல்லை. மறைக்கல்விப் புத்தகத்திலேயே இருக்கு."

"அது உங்கட காலத்துச் சட்டம். எங்கட அம்மா தண்ணியும் தரமாட்டா."

"விழுந்தீங்களெண்டால் பூசை வைக்கிற சுவாமி உங்களுக்கு நற்கருணை தரமாட்டார் அண்ணை, சாகக் கிடக்கிறவைக்குக் குடுக்கிற நோயில்பூசுதல்தான் தருவார்" என்றார் அக்கா. "குடியுங்கோ!"

அப்பா குடித்தார். மணி 6.32. பத்து நிமிடத்தில் நடுக்கம் குறைந்தது. அக்கா இரண்டு பிஸ்கட்டும் கொடுத்தார். நிலத்தைப் பார்த்தபடி அப்பா சொன்னார்: "இதோட நடை சரி பிள்ளை. எனக்கு இது ஏலாது."

அக்காவின் மகன் எங்களை ஓட்டோவில் கோயிலில் இறக்கிவிட்டார். நற்கருணை 7.47க்குத் தொடங்கியது. அப்பா தன் கைக்கடிகாரத்தை இரண்டு முறை பார்த்துவிட்டு எழுந்து வரிசையில் கடைசியாகப் போய் நின்றார்.

இப்படி நடக்க நினைப்பவர்களுக்கு: மாத்திரையை எப்போது, எதனோடு போடுவது என்று டொக்டரிடம் முதலே கேளுங்கள். அதிகாலைப் பூசையைவிட ஒன்பது மணிப் பூசை நல்லது, சாப்பிட்டுவிட்டுப் போகலாம். வெயிலுக்குத் தொப்பி வேண்டும். தனியாக நடக்க வேண்டாம்.

அடுத்த ஞாயிறு நான் அவரை எழுப்பப் போகவில்லை. ஆறு மணிக்குக் குசினியில் சத்தம் கேட்டது. அப்பா நான்கு இடியப்பத்தைச் சாப்பிட்டு, மாத்திரையும் போட்டுவிட்டு, கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தார். கந்தோர்ப் பேனை செருகும் சட்டைப் பையில், சீனி இறங்கினால் வாயில் போட, இரண்டு டொபி இருந்தன.

"எழும்பு பிள்ளை" என்றார். "அந்த மிச்ச ஒன்றரைக் கிலோமீட்டரையும் பார்த்திட்டு வருவம்."