தேயாத பல்லுச்சில்லு

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தால், என் அண்ணன் முர்ஷித் காக்கா சோற்றுக்கு முன் சைக்கிளைத்தான் பார்ப்பார். மாமரக் கிளையில் கயிறு போட்டு, இருக்கையைக் கொளுவி, பின்சில்லு நிலத்தில் படாமல் தூக்கிக் கட்டுவார். ஒரு கையால் பெடலைச் சுற்றிக்கொண்டு மறுகையால் கியரை ஒவ்வொன்றாகத் தட்டுவார். செயின் சின்னப் பல்லுச்சில்லிலிருந்து பெரியதற்கு ஏறி, திரும்ப இறங்கிவரும். எங்காவது கரகரத்தால், கேபிள் போய்ச் சேரும் இடத்திலுள்ள சின்னத் திருகை அரைச் சுற்றுத் திருப்பிவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். நான் சமைத்தபடி குசினி ஜன்னலால் பார்த்துக்கொண்டிருப்பேன்.

“புள்ள, மெசின் எண்ணெய தா” என்பார். என் தையல் மெஷினுக்கு வாங்கும் எண்ணெயில் பாதி அவருடைய செயினுக்குத்தான் போனது.

பக்கத்து வீட்டு சபியா உம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பார். “முர்ஷித், கல்முனைக்குள்ள எந்த மலைய ஏறப் போறாய்?”

“ஒங்கட வூட்டு வாசப்படிதான் மாமி. சின்ன கியர் இல்லாம அதில ஏறேலா.”

உண்மையில் எங்கள் பக்கம் ஏற்றம் என்று ஒன்றில்லை. மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் ரோட்டு விரித்த பாய் மாதிரித்தான் கிடக்கிறது. அதனால் முன்னாலுள்ள ஆகச் சின்னப் பல்லுச்சில்லும் பின்னாலுள்ள ஆகப் பெரியதும் ரோட்டில் ஒருநாளும் வேலை செய்யவில்லை. மற்றச் சில்லுகளின் பற்கள் தேய்ந்து மழுங்கியிருந்தன. அந்த இரண்டும் வாங்கிய நாளில் இருந்தபடியே இருந்தன.

காக்கா இளவயதில் லொறி கிளீனராக பதுளைக்கு அரிசி கொண்டுபோனவர். பிபிலை தாண்டி லுணுகலை ஏற்றத்தில், லொறியே முக்கிக்கொண்டு ஏறும்போது, ஒரு வெள்ளைக்கார மனிதரும் மனைவியும் மவுண்டன் சைக்கிளில் ஏறுவதைக் கண்டிருக்கிறார். அதை என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

“மெல்லமாத்தான் போறாங்க புள்ள. ஆனா இறங்கல்ல. காலு சுத்திக்கிட்டே இரிக்கி.”

அதற்குப் பிறகுதான் அக்கரைப்பற்றில், ஜப்பானிலிருந்து வந்து இறங்கிய பழைய சைக்கிள்களுக்குள் தேடி இதை வாங்கினார். லுணுகலை ஏற்றத்தை ஒரு தடவை இறங்காமல் ஏறவேண்டும். தனக்கென்று அவர் கேட்டது அவ்வளவுதான்.

ஆனால் அவருக்கு இரண்டு தங்கச்சிமார், றாஹிலா ராத்தாவும் நானும். எங்கள் ஊரில் மாப்பிள்ளை பெண்ணுடைய வீட்டுக்குத்தான் வருவார். ஆகவே பெண்ணுக்கு ஒரு வீடு இருக்கவேண்டும். வாப்பா மௌத்தாகிவிட்டார். உம்மா படுக்கையில் விழ, நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். காக்கா லொறியை விட்டு மேசன் வேலைக்குப் போனார். “றாஹிலாட வூடு முடியட்டும், போறன்” என்றார். றாஹிலா ராத்தாவின் வீடு முடிந்தது. “ஒன்ட வூட்டுக்கு ஓடு போட்டுட்டு போறன்” என்றார். என் வீட்டில் ஒவ்வொரு கல்லும் அவர் வைத்தது. சீமெந்துப் பையை மட்டும் அந்தச் சைக்கிளில் ஏற்றமாட்டார். தோளில் சுமப்பார்.

அக்கரைப்பற்றில் ஹாஜறா மச்சியைக் கல்யாணம் முடித்து அவருடைய வீட்டுக்குப் போனபோது காக்காவின் தாடி நரைத்திருந்தது. வெள்ளிக்கிழமைகளில் சைக்கிளில் எங்களிடம் வருவார். மச்சி பஸ்ஸில் வருவார். “போய் ஏறிட்டு வாங்களன். நீங்க போற நேரம் மலை தேஞ்சிரும்” என்று மச்சி சிரிப்பார். அறுவடை முடிந்ததும் லுணுகலைக்குப் போவதாக இருந்தார். அந்த அறுவடைக்கு முன்பே மச்சியின் கிட்னி பழுதாகிவிட்டது. பிறகு காக்கா போன இடமெல்லாம் ஆஸ்பத்திரிதான்.

மச்சி மௌத்தானார். பிள்ளைகள் இல்லை. மச்சியின் தங்கச்சி அஸ்மியாவுக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். வீடு இனி அவளுக்கு. காக்காவை யாரும் போகச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லவும் இல்லை. மச்சிக்கு நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த மறுநாள் முதுகில் ஒரு பையோடு சைக்கிளில் வந்து என் வாசலில் இறங்கினார்.

நான் முன்னறையை ஒழித்து, கட்டில் போட்டு, புது விரிப்பும் விரித்து வைத்திருந்தேன். “இஞ்ச இரிங்க காக்கா” என்றேன்.

“மாப்பிள இரிக்கிற வூட்டுல நான் என்னத்துக்கு புள்ள.”

“நீங்க கட்டின வூடு தானே.”

“நான் இரிக்கவா கட்டின?”

என் கணவர் ஜவுபர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். “மச்சான், நான் மனசாரச் சொல்றன்.”

“தெரியும் மச்சான். சாப்பிட வாறன்” என்றார் காக்கா. சாப்பிட்டுவிட்டு நற்பிட்டிமுனைக்குப் போய் ஒரு நெல் மில்லில் காவல் வேலைக்குச் சேர்ந்தார். மூட்டைகளுக்குப் பக்கத்திலுள்ள ஒரு சின்ன அறையில்தான் படுக்கை.

போன வருடம் அறுவடை முடிந்த ஒரு வெள்ளிக்கிழமை, மாமரத்தடியில் வழக்கத்தைவிட நீண்ட நேரம் நின்றார். ஆகச் சின்ன கியருக்குத் தட்டித் தட்டி, செயின் சில்லுக் கம்பிகளுக்குள் விழாமல் நிற்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு, “நாளைக்கு லுணுகலைக்குப் போறன்” என்றார். நான் ரொட்டி சுட்டுக் கட்டிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் பின்னேரம் வாசலில் ஒரு லொறி வந்து நின்றது. முதலில் சைக்கிளை இறக்கினார்கள். அதற்குப் பிறகு காக்கா இறங்கினார்.

தேத்தண்ணி கொடுத்தேன். அவராகத்தான் சொன்னார்.

“கியர் நல்லா விழுந்திச்சு புள்ள. ஏத்தம் தொடங்க முந்தியே மாத்திட்டன். ஒரு சத்தமில்ல.”

“ம்.”

“நெஞ்சு அடச்சிட்டு. ரெண்டாவது வளைவுல இறங்கிட்டன்.”

கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார். தேத்தண்ணி ஆறிப்போனது. “இன்னொருக்கா போகலாம் மச்சான்” என்றார் ஜவுபர்.

நெஞ்சுக் குழாய் சுருங்கியிருக்கிறது, இனிச் சைக்கிள் மிதிக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். நான் மறுபடியும் முன்னறையைப் பற்றிக் கேட்டேன். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுபோய் அந்த அறைக்குள் விட்டார். “இது இரிக்கட்டும். மில்லுக்குள்ள ஒரே உமித் தூசி” என்றார்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் ஜவுபர் மோட்டார் சைக்கிளில் போய் அவரைக் கூட்டிவருகிறார். சாப்பிடுகிறார், அஸர் தொழுகைக்கு முன் போய்விடுகிறார். முன்னறைப் பக்கம் போவதில்லை. செயினுக்கு நான்தான் எண்ணெய் போடுகிறேன், கியரைத் தொடுவதில்லை. செயின் அவர் இறங்கிய அந்தக் கியரிலேயே கிடக்கிறது. காக்கா மில்லில் படுக்கிறார். அவருக்கென்று ஒழித்த அறையில் சைக்கிள் நிற்கிறது.