போன் போட்டுக் கேட்டவன்

சந்தைக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்களிடம் கேட்டால், கொக்கி என்றால்தான் தெரியும். சாக்கு இழுக்கிற இரும்புக் கொக்கி எந்நேரமும் இடுப்பில் தொங்குவதால் வந்த பெயர். இருபது வருஷமாக லாரி இறக்கித் தோள் காய்த்துப் போனவன். மூக்குக்கு மேல் கோபம். அடித்து முடித்த பிறகுதான் ஆள் யார் என்றே பார்ப்பான். ஆனால் கூட்டாளிக்கு ஒன்று என்றால் உயிரையும் கொடுப்பான், அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தக் கூட்டத்தில் ஒரு கட்டுப்பாடு. ஒருத்தன் 'வா' என்றால் மற்றவர்கள் போய் நிற்க வேண்டும். எதற்கு, ஏன் என்ற பேச்சே கிடையாது. பக்கத்துக் கிடங்கு ஆட்களோடு லாரிக்கு லாரி வெட்டுக்குத்து நடக்கிற இடத்தில் வேறு எப்படித்தான் பிழைப்பது?

ஒருநாள் காலையில் அவன் உயிர்த்தோழன் நெட்டையின் எண்ணிலிருந்து மெசேஜ். "பெரிய ஆபத்தில் மாட்டிக்கொண்டேன். யாரிடமும் சொல்லாதே. உடனே உதவி அனுப்பு." கீழே, எங்கே அனுப்ப வேண்டும் என்று ஒரு செல்போன் கடையின் பெயர். பணம் பறிக்கிற மோசடி என்று வேறு யாருக்கும் புரிந்திருக்கும். கொக்கிக்குத் தெரிந்த உதவி ஒன்றுதான். நாலு பேரைத் திரட்டிக்கொண்டு கிளம்பினான்.

கடைக் கண்ணாடி நொறுங்கியது. "நெட்டைய எங்கடா வச்சிருக்க?" என்று கேட்டுக் கேட்டு அடித்தான். கடைக்காரர் வாயிலிருந்து ரெண்டு பல் தெறித்தது.

"சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே! எவனோ என் கடைப் பேரைப் போட்டு ஏமாத்துறான்!"

அவர் காலில் விழுந்து கதறும்போது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நெட்டையே வந்து நின்றான். "நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். இவரை ஏன்டா இந்த அடி அடிக்கிற?"

கடைக்காரருக்கு ஒரு காது போயே போய்விட்டது. கொக்கி மூன்று மாதம் ஜெயிலில் இருந்தான். வந்த அன்றே மனைவி தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

"இனிமே எவன் மெசேஜ் அனுப்பினாலும் போன் போட்டு அவன் குரலைக் கேளு. கேக்காம கிளம்பினே, நானும் பிள்ளையும் இங்க இருக்க மாட்டோம்."

தலையாட்டினான். அந்த ரத்த வாய் கண்ணை விட்டுப் போகாமல் அவனுக்கும் வெட்கமாகத்தான் இருந்தது.

நெட்டையின் எண்ணைத் திருடி மெசேஜ் விடுகிற புண்ணியவான் லேசில் விடவில்லை. பரிசு விழுந்தது, விபத்தாகிவிட்டது என்று வாரத்துக்கு ரெண்டு வரும். ஒவ்வொன்றுக்கும் கொக்கி போன் போடுவான். "நான் அனுப்பலடா எருமை, போய் வேலையப் பாரு" என்பான் நெட்டை.

ஒரு மத்தியானம் கொக்கி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது இன்னொன்று வந்தது. "பழைய கிடங்குல ஒளிஞ்சிருக்கேன். வெட்ட வந்துட்டானுங்க. வா."

கொக்கி எழுந்துவிட்டான். வாசல் வரை போயும்விட்டான். இன்னொரு அப்பாவியை அடித்துத் தொலைக்கவா என்று தோன்றியது. நின்று போன் போட்டான்.

ரெண்டு முறை மணி அடித்தது. பிறகு மணி நின்றது, போன் எடுக்கப்பட்டது. நெட்டை பேசவில்லை.

"சத்தம் இங்கடா! சாக்குக்குப் பின்னாடி!" என்று எவனோ கத்தினான். அப்புறம் நெட்டை அலறினான்.

தெருக்கோடியில் இருந்த பழைய கிடங்குக்குப் பாவி, என்ன ஓட்டம் ஓடினான்! போய்ச் சேர்ந்தபோது வெட்டிய பக்கத்துக் கிடங்கு ஆட்கள் பின்சுவர் ஏறிக்கொண்டிருந்தார்கள். இடுப்பு இரும்பை உருவி ஒருத்தன் தோளில் இறக்கி, சதையோடு இழுத்துக் கீழே போட்டான். மற்றவர்கள் தப்பிவிட்டார்கள். நெட்டை சாக்குகளுக்கு நடுவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். கொக்கி ரெண்டு கையாலும் அழுத்திப் பார்த்தான். ரத்தம் நிற்கவில்லை.

"மூச்சுகூட விடாமத்தானே இருந்தேன்," என்றான் நெட்டை. "ஏன்டா போன் பண்ணே?"

கொக்கி அழுத்திய கைக்கடியிலேயே நெட்டையின் உயிர் போய்விட்டது.