கமிட்டி அறையில் கேட்ட கேள்வி

அன்பான சபையாரே, ஒரு வருஷமாக என்னைப் பார்க்கும்போதெல்லாம் “பாவம் மேரி, கவர்மெண்ட் விடலையே” என்கிறீர்கள். அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

போன வருஷம் மழைக்காலத்தில் என் நாத்தனார் ஸ்டெல்லாவுக்கு இரண்டு கிட்னியும் செயலிழந்துவிட்டன. என் கணவருக்குச் சர்க்கரை. அவரால் கொடுக்க முடியாது. குடும்பத்தில் எல்லோருக்கும் ரத்தம் பார்த்ததில் என்னுடையதுதான் பொருந்தியது. மர்பி டவுனில் எங்கள் வீட்டில் நடந்த உபவாச ஜெபத்தில் என் கணவர் எழுந்து நின்று, ஆண்டவருக்கு வாக்குக் கொடுத்துப் பொருத்தனை பண்ணினார். “ஆண்டவரே, என் மனைவி தன்னோட கிட்னிய என் தங்கச்சிக்குக் குடுப்பா!” நீங்கள் எல்லோரும் அல்லேலூயா என்றீர்கள். நான் டீத் தட்டோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை.

பொருத்தனையை மாற்றினால் வீட்டுக்கு ஆகாது என்பது நமக்குத் தெரியும். ஆனால் எனக்குப் பயம். பெரிய காரணம் ஒன்றுமில்லை, ஆபரேஷன் என்ற பயம்தான். ஸ்டெல்லா மேல் எனக்கு உயிர். அவள் சாகக்கூடாது. ஆனாலும் பயம். மாமியாரிடம் சொன்னால் கொலைகாரி, கணவரிடம் சொன்னால் விசுவாசமில்லாதவள். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். “இயேசப்பா, ஒண்ணு இந்தப் பயத்த எடுத்துப்போடு, இல்லன்னா ஒரு கதவத் திற.” பயமும் போகவில்லை, கதவும் திறக்கவில்லை.

நாத்தனார் எனக்கு ரத்த உறவில்லை என்பதால் அரசாங்கக் கமிட்டியின் அனுமதி வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கணவருக்குக் கோபம் வந்துவிட்டது. “நம்ம உடம்பு, நம்ம இஷ்டம். நடுவுல சர்க்காருக்கு என்ன வேல?” நம்ம உடம்பாம்! அவருக்கு எங்கே வலிக்கப் போகிறது? ஆட்டோவில் போகும்போதே சொல்லிக்கொடுத்தார்: “சந்தோஷமா குடுக்கிறேன்னு சொல்லு. அழுதுடாத.”

கமிட்டி ஆபீஸில் அவரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு என்னை மட்டும் கூப்பிட்டார்கள். ஒரு மேடம் கன்னடத்தில் ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினார்.

“உங்களுக்கு இதுல இஷ்டமா அம்மா? வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க. நீங்க சொல்றது இந்த ரூமைத் தாண்டாது.”

அழுதுவிட்டேன். “வேணாம் மேடம். பயமா இருக்கு.”

“சரிம்மா” என்றார். அவ்வளவுதான். யாரும் திட்டவில்லை.

அனுமதி இல்லை என்று பதில் வந்தது. மாமியார் அரசாங்கத்துக்குச் சாபம் விட்டார். கணவர் சோற்றைத் தொடவில்லை. நீங்கள் வந்து எனக்கு ஆறுதல் சொன்னீர்கள், நான் தலையாட்டினேன். அந்தப் பொய் எனக்கு இன்னொரு சிறையாகிவிட்டது.

ஸ்டெல்லாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. இறந்தவர்கள் தரும் கிட்னிக்குப் பதிந்து காத்திருக்கிறோம். டயாலிசிசுக்கு நான்தான் அவளைக் கூட்டிப்போகிறேன். போன வாரம் அங்கே அவள் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் என் கையை விடவில்லை. “எனக்கு அன்னைக்கே தெரியும் அண்ணி. டீத் தட்டோட நின்ன நீங்க மட்டும் அல்லேலூயா சொல்லலியே. நானே வேணாம்னு சொல்லியிருக்கணும். எனக்கும் வாழணும்னு ஆசை, வாய் வரல.” இரண்டு பேரும் நர்ஸ் அதட்டும்வரை அழுதோம்.

நான் கேட்ட கதவை ஆண்டவர் ஒரு சர்க்கார் ஆபீஸில் திறந்தார். அவருக்கு ஸ்தோத்திரம். உங்கள் பயத்தையும் அவரிடம் சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள். இன்னொருத்தர் உடம்பைப் பொருத்தனை பண்ணும் முன்னால் அவர்களை ஒரு வார்த்தை கேளுங்கள்.

கமிட்டியைத் திட்டாதீர்கள். வேண்டாம் என்று சொன்னது நான்.

என் கணவர் அதோ கடைசி வரிசையில் இருக்கிறார். அவருக்கும் இது இப்போதுதான் தெரியும். என்னங்க, எழுந்து போயிடாதீங்க. ஸ்டெல்லாவுக்காக நீங்களே ஜெபம் பண்ணுங்க. இந்தத் தடவை நானும் மனசார ஆமென் சொல்றேன்.